உதாரண நோயாளி

மாணவர் மனநலத்துக்கு எங்கள் மருத்துவக் கல்லூரி ஆற்றிய தொண்டை, நைல் ஓடும்வரை இந்த உலகம் பேசும். மனநலக் குழுவின் செயலாளர் நானே என்பதால் கொஞ்சம் அடக்கமாகச் சொல்கிறேன்.

குழுவின் தலைவர் டாக்டர் மம்தூஹ். ஆலோசனை சொல்பவரும் அவரே, வாய்மொழித் தேர்வு நடத்துபவரும் அவரே. காலையில் தேர்வில் அழவைத்த பிள்ளையை மாலையில் அவரே தேற்றி அனுப்பிவிடுவார். வேறெந்தக் கல்லூரியில் உண்டு இந்தச் சிக்கனம்!

மூன்றாம் ஆண்டு மாணவி நிவீன் அவரிடம் வந்தாள். கல்லூரியில் சேர்ந்த அன்றிலிருந்தே, தெருமுனையில் ஃபூல் என்னும் அவித்த மொச்சை விற்கிறவர்கூட அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். டாக்டரம்மாவுக்கு நோய் வரலாமோ?

"தூக்கமே இல்ல சார். சாப்பாடு இறங்கல. சும்மா சும்மா அழுகையா வருது. ஒரு மாசம் லீவு குடுங்க, வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன். இல்லன்னா என்னால தாங்க முடியாது சார்."

"மாஷா அல்லாஹ்! புத்தகத்துல இருக்கிற வரிசைப்படியே சொல்றியேம்மா! நாளைக்கு என் வகுப்புக்கு வா. லீவை அங்கயே பேசிக்கலாம்."

நல்ல நோயாளி கிடைத்தால் மேடையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது எங்கள் மரபு. மறுநாள் மேடையில் நிவீன். 'ரகசியம்' காக்க வேண்டுமல்லவா? நானே அவளுக்கு ஒரு மாஸ்க் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"நிவீன், மாஸ்க் உனக்கு அம்சமா இருக்குடி!" என்றது பின்வரிசை.

மம்தூஹ் கனைத்துக்கொண்டார். "இவங்களுக்கு வேற என்னென்ன தொந்தரவு இருக்கும்? தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

அரங்கமே கை தூக்கியது.

"காலேஜ் கேட்டைப் பார்த்ததுமே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும் சார்."

"அம்மா போன் பண்ணா, நல்லாத்தான் இருக்கேன்னு பொய் சொல்லணும்."

"பஸ் லேசா இடிச்சுட்டா பரீட்சைக்கு வர வேணாமேன்னு தோணும்."

மம்தூஹ் அசந்துபோனார். "இதெல்லாம் என் புத்தகத்துலயே இல்லியே! எங்க படிச்சீங்க?"

பதிலுக்குக்கூடக் காத்திராமல் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் அறிவித்தார். நான் கைதட்டினேன்.

நிவீன் மாஸ்க்கைக் கழற்றினாள். "சார், என் லீவு?"

"லீவா? இத்தனை பேருக்கும் இருக்குன்னா அது நோய் இல்லம்மா, பாடத்திட்டம்!"

"அப்ப இந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்துனது யாரு சார்?"

மறுபடியும் அரங்கமே கை தூக்கியது. விடை தெரியாதவர்கள், மேடையில் நின்ற தலைவரும் செயலாளரும் மட்டுமே.