கானமயிலுக்கு நின்ற கரி பஸ்

டிரைவர்கள் எல்லாரும் பஸ்ஸை ஓட்டுவதற்காகப் பிறந்தவர்கள் என்றால், எங்கள் கரியடுப்பு அண்ணன் ஒருவர்தான் அதை நிறுத்துவதற்காகப் பிறந்தவர்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்காது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரயிலடிக்குப் போகும் பஸ் கரியில் ஓடியது. பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதினால், அந்தக் கரிவாயுவில் இன்ஜின் பெரிய மனது பண்ணி உறுமும். அந்தப் புகையிலேயே வாழ்ந்ததால் அண்ணனின் முகம் விறகடுப்பில் ஏறிய சட்டி மாதிரி இருக்கும். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் கண்டக்டருக்கே தெரியாது.

காலை பஸ்ஸில் ஹைஸ்கூல் பிள்ளைகள் நாங்கள் ஒரு பட்டாளமாக ஏறுவோம். பாதி வழியில், பருத்திக் கொல்லைகளைத் தாண்டியதும் ஒரு பெரிய தரிசு வரும். அங்கே வந்ததும் பஸ் தவறாமல் நின்றுவிடும்.

"அடுப்பு அணைஞ்சிடுச்சுங்க. எல்லாரும் செத்த எறங்குங்க" என்பார் அண்ணன், கூசாமல்.

தினமும் ரயிலைப் பிடிக்க ஓடும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "யோவ், ஒன் அடுப்பு அணையறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

வேறு இடம் கிடையாது. ஏனென்றால் அந்தத் தரிசில்தான் கானமயில் இருந்தது. மயில் என்று பெயரே தவிர தோகை கிடையாது. ஆட்டுக்கிடா உயரம், நீண்ட வெளுத்த கழுத்து, தலையில் கறுப்புக் குல்லாய். ஜமாபந்திக்கு வந்த தாசில்தார் மாதிரி நிதானமாக நடக்கும்.

"மூச்! வாயில வெரல வைங்க!" என்று எங்களை வரிசையாக நிறுத்துவார் அண்ணன். "வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை. அதையும் வெறுந்தரையில வுடுது. கோழின்னு நெனச்சீங்களா? எங்கப்பன் காலத்துல மந்தை மந்தையா மேஞ்சுது. சுட்டுச் சுட்டுத் தின்னே தீத்துட்டானுவ. நீங்களும் சும்மா இருந்தீங்கன்னா, ஒங்க புள்ளைங்களுக்குப் படத்துலதான் காட்டணும். அதைப் பாத்தா சத்தமே வரக்கூடாது. நானே கத்தச் சொன்னாலும் கத்தக் கூடாது. தெரியுதா?"

மறுபடி பஸ் கிளம்புவதற்குள் பரீட்சை வேறு. கானமயில் என்ன தின்னும், எங்கே படுக்கும் என்று கேட்பார். சரியாகச் சொன்னவர்களுக்குக் கைப்பிடி சுற்றும் பாக்கியம். அதற்காக நாங்கள் அல்ஜீப்ராவைக் கைவிட்டோம். அந்தத் தரிசு நெருங்கும்போது ஹாரனின் ரப்பர் பந்தைக்கூடத் துண்டால் சுற்றிக் கட்டிவிடுவார் மனிதர்.

ஒருநாள் முன் சீட்டில், பஸ் முதலாளியின் மச்சினர் துப்பாக்கியோடு ஏறி உட்கார்ந்தார். திருச்சிக்காரர். யாரோ ஆபீசருக்கு விருந்து வைக்கிறாராம். இலையில் கானமயில் கறி விழ வேண்டுமாம்.

"இந்தப் பக்கம் திரியுதாமே?"

"அதெல்லாம் அந்தக் காலங்க. இப்ப வெறும் காக்காதான்" என்ற அண்ணன், பஸ்ஸை என்றுமில்லாத வேகத்தில் விரட்டினார். தரிசு வந்தது. தினமும் பொய்யாக நின்ற பஸ், அன்று நிஜமாகவே நின்றது!

மச்சினர் இறங்கினார். பார்த்துவிட்டார். அந்த வருஷத்து ஒற்றை முட்டைக்குப் பக்கத்தில் அது கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தது. துப்பாக்கி தோளுக்கு ஏறியது.

"கத்துங்கடா! புள்ளைங்களா, கத்துங்க!" என்று அலறினார் அண்ணன்.

நாங்கள் ஒட்டுமொத்தமாக வாயில் விரலை வைத்தோம்.

"அட பாவிங்களா, இப்பக் கத்துங்கடா!"

விரலை இன்னும் அழுத்தி வைத்தோம். எங்களையா ஏமாற்றப் பார்க்கிறார்! அண்ணன் ஓடிப்போய் ஹாரனைப் பிசைந்தார். துண்டுக்குள்ளிருந்து 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது, அவ்வளவுதான். அடுத்த கணம் காக்கிச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, "ஓ... ஓ..." என்று கூவியபடி, துப்பாக்கிக்கும் கானமயிலுக்கும் குறுக்கே பாய்ந்து ஓடினார்.

"ஐயா, சுட்டுறாதீங்க, மனுசன் போறான்!" என்று கண்டக்டர் மச்சினரின் கையைப் பிடித்துக்கொண்டார். கானமயில் தடதடவென்று ஓடி, கனத்த சிறகை விரித்து எழும்பி, கொல்லைகளுக்கு அப்பால் மறைந்தது.

"நாளையிலேருந்து நீ ஸ்டீரிங்கைத் தொட்டுப் பாரு!" என்று கத்தினார் மச்சினர்.

அண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. "முட்டையப் போட்டுட்டுப் போயிடுச்சே... நானே வெரட்டிட்டேனே! திரும்பி வருமா?" என்று எங்களிடம் கேட்டார். தினமும் வைத்த பரீட்சையில் இந்தக் கேள்வி மட்டும் வந்ததே இல்லை.

மறுநாள் புது டிரைவர் வந்தார். ஊதினார், இருமினார், கண்ணைக் கசக்கினார். பெரம்பலூரே புகைந்தது, பஸ் அசையவில்லை. பொறுமை இழந்து முதலாளி வீட்டுக்கு ஓடியவர் யார் என்கிறீர்கள்? நம் ஜவுளிக்கடைக்காரர்தான்.

"அந்தக் கிறுக்கனையே கூப்புடுங்க முதலாளி! அவன் வண்டி ஒரு எடத்துலதான் நிக்கும். இது கெளம்பவே மாட்டேங்குது."

மச்சினரும் கோபித்துக்கொண்டு முதல்நாளே திருச்சிக்குப் போய்விட்டிருந்தார். முதலாளி தலையைச் சொறிந்தபடி ஆள் அனுப்பினார். அண்ணன் வந்தார், பஸ் கிளம்பியது.

தரிசு நெருங்கியது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"நிறுத்துப்பா" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"அடுப்பு நல்லா எரியுதுங்க."

"எரிஞ்சா எரியட்டும். வந்துச்சா இல்லியான்னு பாக்க வேணாமா?"

பஸ் மொத்தமும் இறங்கியது. மூட்டை தூக்கியவர், கைக்குழந்தைக்காரி, ஜவுளிக்கடைக்காரர் எல்லாரும் வாயில் விரலை வைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்தோம். புல்லுக்குள் ஒரு கறுப்புக் குல்லாய் தெரிந்தது. கானமயில் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது!

ரயில் போயே போய்விட்டது. ஜவுளிக்கடைக்காரர்கூட வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். கண்ணீர் வழிந்த இடத்தில் கரி கரைந்து, முதல் தடவையாக அவருடைய சொந்த முகம் கொஞ்சம் தெரிந்தது. அவ்வளவு அழகான முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.