சூரியனுக்குப் பிறந்த நாற்பது தலைமுறை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். இதை எழுதும் நிமிஷம் வரை என் தலையும் கழுத்தின் மேலேயே நலமாக இருக்கிறது. அக்காவின் மூட்டுவலி குறைய உங்கள் தங்கையும் நானும் வேண்டிக்கொள்கிறோம். நிற்க. அரண்மனையில் வம்சாவளி எழுதுவது உட்கார்ந்து தின்கிற வேலை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். மிகவும் சந்தோஷம். இந்த வாரம் நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

ஒருவர் கோட்டையைப் பிடித்தவுடன் முதலில் எதைத் தேடுவார்? தானியக் கிடங்கையா? இல்லை, முன்னோர்களை. வெறும் அப்பாவுக்குப் பிள்ளையாக அரியணையில் உட்கார யாருக்கு மனசு வரும்? அதற்குத்தான் நான். சூரியனில் தொடங்கி நாற்பது தலைமுறை என்னிடம் தயாராக இருக்கிறது. யார் கேட்டாலும் அதைப் பிரதி எடுத்து, கடைசி மூன்று பெயரை மட்டும் அவர்களிடம் கேட்டுச் சேர்த்துவிடுவேன். பெயரைத்தான் கேட்பேன், தொழிலைக் கேட்பது மரியாதையில்லை. ஆற்றுக்கு அக்கரை அரசருக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு எழுதிக் கொடுத்ததும் இதுவே, நம் அரசருக்கு எழுதியதும் இதுவே. இருவரும் பரம்பரைப் பகைவர்கள். அந்தப் பரம்பரைப் பகையையும் நான்தான் எழுதினேன். பகைவர்கள் ஏடுகளை இரவல் வாங்கிப் படிக்கப் போகிறார்களா என்று நிம்மதியாக இருந்தேன். சமாதானம் என்று ஓர் ஆபத்து வரும் என்று யார் கண்டது?

வந்துவிட்டது. நம் அரசகுமாரியை அக்கரை இளவரசருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. இரண்டு பேரும் ஒரு வருஷமாக யாருக்கும் தெரியாமல் கடிதம் எழுதிக்கொள்வது அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். நிச்சயத்துக்கு முன் சபையில் இரு வீட்டு வம்சாவளியும் படிக்க வேண்டுமாம். நம் ஆள் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது தலைமுறையில் அக்கரை ஆளும் கூடவே சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருவரும் நாற்பதாவது தலைமுறை வரை ஒரே குரலில் படித்து, ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். தலைமைப் பூசாரி கண்ணைத் திறந்து, "இவங்க பங்காளிங்க. அண்ணன் தங்கச்சி முறை. கல்யாணம் நடக்காது" என்றார்.

மச்சான், நம் அரசரின் அப்பா குதிரை விற்றவர். அந்தச் சபையில் இது தெரியாதவர் ஒருவர் இல்லை. அவரிடம் நொண்டிக் குதிரை வாங்கி ஏமாந்ததை மந்திரி இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். சொல்லத்தான் ஆளில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே எழுந்தாள்: "அப்பா, தாத்தா குதிரை வித்தவர்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? லாயத்துலதான் பொறந்தேன்னு சொன்னீங்களே!" பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். தளபதி மேல்கூரையை ஆராய்ந்தார். அரசருக்கோ கண் கலங்கிவிட்டது. "என் வம்சத்தை என் பொண்ணே இப்படிப் பேசலாமா?" என்றார். நடிப்பில்லை, மச்சான். முதுகைச் சொறிந்துகொண்டே நான் எழுதியதை அந்த மனிதர் மனதார நம்புகிறார். தினமும் காலையில் கிழக்கே பார்த்து நாட்டு நடப்பைச் சொல்கிறாராம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏட்டில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்து அரசர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு ஏடும் எப்படிய்யா ஒண்ணா இருக்கு?" என்றார். "உண்மை ஒண்ணுதானே அரசே, அதான் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கு" என்றேன். சபையே ஆரவாரம் செய்தது. அந்தச் சூட்டோடு ஒரு சட்டமும் எழுதி நீட்டினேன்: சூரிய வம்சத்தார் தங்களுக்குள் மணம் செய்யக் கூடாது, செய்திருந்தால் அன்றே பிரிய வேண்டும், மறைத்தவருக்குச் சவுக்கடி. அரசர் அங்கேயே முத்திரை வைத்து எனக்குச் சால்வை போர்த்தினார். நாளை முதல் ஆட்கள் வீடு வீடாக வந்து ஏடுகளை ஒப்பிடுவார்கள். நான் எழுதிக் கொடுத்த சூரிய வம்சங்கள் இந்த நாட்டில் நூற்றுக்கு மேல் இருக்கும். ஆசைப்பட்டு வாங்கினார்களே, அனுபவிக்கட்டும்! என் தலை தப்பியது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் வம்சம் தழைக்க நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
சால்வை போர்த்தப்பட்ட உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உங்கள் தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதும் படித்துவிட்டாள். நேராக உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து இரண்டு ஏடுகளை எடுத்து வந்தாள். ஒன்று, இந்த வேலைக்குச் சேர நான் எனக்கே எழுதிக்கொண்டது. இன்னொன்று, பெண் கேட்டு வந்தபோது உங்கள் அப்பாவைக் குளிர்விக்க நான் எழுதிக் கொடுத்ததன் பிரதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "சரி, இனிமே சமையலை நீங்களே பாத்துக்குங்க, அண்ணா" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். அசல் உங்கள் வீட்டில் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அதை அடுப்பில் போடுங்கள். அரண்மனை ஆட்கள் வந்தால் சூரியன் யாரென்றே தெரியாது என்று சொல்லி, உங்கள் தாத்தா செய்த தொழிலைத் தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். அது என்ன தொழில் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், மச்சான். நான் கேட்டதே இல்லை.