டாடியின் துண்டும் ஏரோது ராஜாவும்

என்னிடம் கிழிந்த துணியைக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கிழித்துத் தருவேன். நான் தைத்த பொத்தானைப் பார்த்துவிட்டுப் பள்ளித் தையல் டீச்சர் கண்ணை மூடி ஜெபம் பண்ணியிருக்கிறார். காக்ஸ் டவுனில் எங்கள் தெரு முழுக்க இது தெரியும். அப்படி இருந்தும், டாடி இறந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்குச் சுவரில் மாட்ட ஓர் எம்பிராய்டரி படம் நானே போடுகிறேன் என்று கிளம்பினேன்.

எங்களில் துக்க வீட்டுக்கு முதல் வருடம் பண்டிகை கிடையாது. வாசலில் ஸ்டார் தொங்காது, கல்கல் பலகாரம் பொரிக்க மாட்டோம், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தால்தான் கேக். மம்மிக்கு அதுவும் இறங்கவில்லை. அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை. அழாமல், பேசாமல், அறைக்குள்ளேயே கிடந்தாள். எப்படியாவது அவளை ஹாலுக்கு இழுத்து வந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

"மம்மி, வெள்ளையா ஒரு காட்டன் துணி குடு. டாடி ஞாபகமா செவுத்துல ஒண்ணு மாட்டலாம். ஸ்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல, இதாவது இருக்கட்டும்."

மம்மி தலையணைக்கு அடியிலிருந்து டாடியின் வெள்ளைத் துண்டை எடுத்தாள். எப்போதும் அவர் கழுத்தில் கிடந்த துண்டு. மற்ற துணிகளையெல்லாம் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தோம்.

"கத்திரி மட்டும் வெக்காதேடி" என்றாள்.

வைக்கவில்லை. ஓரத்தில் ஒரு காபிக் கறை இருந்தது. (பாவம், துவைக்கக்கூட மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான்.)

நூல் கடையில் சிவப்பைக் காட்டி, "கலர் ஹோகுத்தா?" என்று கன்னடத்தில் கேட்டேன். "ஹோகல்லா மேடம்" என்று, சாயம் போகவே போகாதென அடித்துச் சொன்னார் கடைக்காரர். போன் வீடியோவில் பாடம் நடத்திய அம்மாள், எந்த நூலையும் முதலில் தண்ணீரில் நனைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த இடத்தை நான் வேகமாக ஓட்டிவிட்டேன்.

மாட்டுக்கொட்டகை, மரியாள், யோசேப்பு, ஞானிகள், ஓர் ஒட்டகம். ஒட்டகம் எவ்வளவு முயன்றும் நாயாகவே வந்தது. சரி, மேய்ப்பர்களின் நாய் என்று வைத்துக்கொண்டேன். பாலனுக்குக் குளிருமே என்று சிவப்பு நூலில் தடிமனாக ஒரு கம்பளி தைத்துப் போர்த்தினேன். ஒரு நாள் மம்மி தானாகவே ஹாலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நாய்க்குக் கூன் இருக்கு" என்றாள். பல மாதங்களில், யாரும் கேட்காமல் அவளாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஜெபிக்கப் பாஸ்டர் வருவதற்கு முந்தைய நாள், பென்சில் கோடுகளும் அந்தக் காபிக் கறையும் போகட்டும் என்று, சோப்புத் தூள் கலந்த வெந்நீரில் துண்டை ஊறப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் பக்கெட் நிறைய ரத்தம். துண்டைத் தூக்கிப் பார்த்தேன். கம்பளியிலிருந்து கிளம்பிய சிவப்பு மரியாளின் மடியை நனைத்து, ஞானிகள் மேல் தெறித்து, நாயின் வாய்வரை போயிருந்தது.

தம்பி டேவிட் எட்டிப் பார்த்தான். "அக்கா, இன்னா இது? போலீஸ் வந்தா நான் ஊர்லயே இல்லன்னு சொல்லிடு."

அவனுக்குப் பின்னால் மம்மி நின்றிருந்தாள். சிவப்பை அவள் பார்க்கவே இல்லை. ஈரத் துண்டை என் கையிலிருந்து வாங்கி முகத்தில் வைத்து மோந்தாள்.

"தொவைச்சிட்டியா?"

"கறை இருந்துச்சு மம்மி..."

"அவரு வாசனை இருந்துச்சுடி."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. மிச்சமிருந்த டாடியை நான் சோப்புத் தூள் போட்டுச் சாக்கடையில் ஊற்றியிருந்தேன்.

மறுநாள் பாஸ்டர் வருவதற்குச் சற்று முன்னால் மம்மி வெளியே வந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துத் தானே ஹால் ஆணியில் மாட்டினாள். தடுக்க எனக்குத் தைரியமில்லை. பாஸ்டர் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறந்தபோது நேர் எதிரே அது தொங்கியது. நல்ல மனிதர். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"கைவேலை நல்லா... இருக்குது. பாலன் பொறந்த காட்சிங்களாம்மா?"

"இல்ல பாஸ்டர்" என்றாள் மம்மி. "ஏரோது கொழந்தைங்கள வெட்டுனானே, அது. எம்பொண்ணு போட்டது."

டேவிட் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். மம்மி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. சிரிக்கச் சிரிக்கக் குரல் உடைந்து, அடக்கத்தன்று அழாத அழுகையெல்லாம் பாஸ்டர் முன்னாலேயே வெடித்தது. ஓடிப் போய்ப் பிடித்தேன். "ஏன்டி தொவைச்சே, ஏன்டி தொவைச்சே" என்று என் முதுகில் குத்திக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள்.

டிசம்பர் வந்தால் அந்தப் படம் இன்றும் ஹாலில் ஏறுகிறது. சொந்தக்காரர்கள் போன் செய்தால், "ஏரோத மாட்டியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். தான் போனபிறகு தன் துணி ஒன்றைக்கூட என் கையில் தரக்கூடாது என்று மம்மி டேவிட்டிடம் சொல்லி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் அதைச் சொல்லாமல் விடமாட்டான். எல்லோரும் சிரிப்போம், மம்மியும்தான்.

கொஞ்ச நாளாக அவள் ஒரு பச்சைச் சேலையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கட்டி அவிழ்த்து அழுக்குக் கூடையில் போட்டதாம், காணோமாம்.

"நீ பாத்தியாடி?"

"பாக்கலியே மம்மி" என்கிறேன்.

என் பீரோவில், பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி, துவைக்காமல் வைத்திருக்கிறேன்.