புளியங்குளம் சந்தித் தேநீர் பற்றிய மறுப்பு

நெடுங்கேணி வீதி,
புளியங்குளம்.
19-6-1963, புதன்கிழமை.

மாட்சிமை தங்கிய பத்திராதிபர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமே இருக்க இறைவனை வேண்டுகிறேன். எனக்குச் சுகமில்லை. ஒரு வாரமாக எந்தக் கதிரையிலும் உட்கார முடியவில்லை. காரணம் தங்கள் பத்திரிகை.

சென்ற மாதம் வாசகர் பகுதியில், புளியங்குளம் சந்தியில் விற்கப்படுவது தேநீரல்ல, கோப்பை கழுவிய நீரே என்று ஒரு கடிதம் வெளியானது. அதன் கீழே ‘மயில்வாகனம், இளைப்பாறிய நீர்ப்பாசன ஓவசியர்’ என்று என் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் அச்சிட்டிருந்தீர்கள். தங்கள் பத்திரிகையில் இது அபூர்வம்.

எங்கள் சந்தியின் பூகோளத்தைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவரும் வவுனியாவிலிருந்து வருபவரும் நெடுங்கேணிப் பக்கம் போக இங்கேதான் பஸ் மாறவேண்டும். அவர்கள் இறங்குவதற்குச் சற்று முன்பாக அந்தப் பஸ் புறப்பட்டுவிடும். அது இவ்வூர் வழக்கம். பிறகு வெயிலில் நிற்கலாம், அல்லது ஜமால்தீன் கடையில் தேநீர் குடிக்கலாம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் கூடவே இன்னொரு காரியமும் செய்வார்கள்: பெண் வீட்டாரைப் பற்றி ஜமால்தீனிடம் விசாரிப்பார்கள். இப்பகுதிக் கலியாணங்கள் கோயிலில் நடப்பதாக ஐயர்மார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை அந்தக் கடை வாங்குப் பலகையில் முடிவானவை.

என் மகள் அருந்ததியைப் பார்க்க வரும் ஞாயிறன்று பூநகரியிலிருந்து வருகிறார்கள். இது மூன்றாவது சம்பந்தம். முதலிரண்டும் சாதகத்தில் நின்றுபோயின. இது தேநீரில் நின்றுபோகுமென்று என் மனைவி பத்மாசனி நம்புகிறாள்.

“தேத்தண்ணி சரியில்லையெண்டா வீட்டை வந்து குடிச்சிருக்கலாம்தானே? யாழ்ப்பாணத்துக்கு எழுதோணுமே?” என்றாள்.

“பொதுநலம்” என்றேன்.

“அப்ப அந்தப் பொதுநலத்துக்கே பிள்ளையைக் கட்டிக் குடுங்கோ.”

ஆகவே நேற்று, ஒன்றுமே நடவாதவன்போல் கடைக்குப் போய்த் தேநீர் கேட்டேன். ஜமால்தீன் கோப்பையை மரியாதையாகவே வைத்தார்.

“குடியுங்கோ ஓவசியர் ஐயா. கழுவின தண்ணிதான்.”

“நல்லாயிருக்கு நானா” என்று அண்ணன் முறை கொண்டாடினேன்.

“பேப்பருக்கு எழுதுவியளோ?”

நாயாற்றிலிருந்து கருவாடு கொண்டுவரும் செபமாலை வாங்கில் இருந்தார். “ஓம் நானா, இவர் எழுதினாத்தான் அதுக்கு ருசி வரும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, மூன்று கோப்பை குடித்தேன். என் வயிறு இன்னமும் அதைப்பற்றி முறைப்பாடு செய்துகொண்டிருக்கிறது.

எனவே பின்வருவதை ஞாயிறு இதழின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடவும்: ‘மேற்படி தேநீர் அமிர்தத்துக்கு நிகரானது. முன்னைய கடிதத்தை எழுதிய மயில்வாகனம் வேறொருவர். பொய் பேசும் சுபாவமுடையவர்.’ ஞாயிறு இதழும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். தயவுசெய்து இதழ் பிந்தக்கூடாது.

தங்கள் குடும்பத்தாருக்கும், அச்சுக் கோப்பவருக்கும், பிழை திருத்துபவர் எவரேனும் இருந்தால் அவருக்கும் என் ஆசிகள்.

இங்ஙனம்,
மயில்வாகனம்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கச் சந்திக்குப் போனபோது, மாப்பிள்ளையின் தகப்பனார் தவராசா கடை வாங்கில் இருந்தார். ஞாயிறு வரவேண்டியவர், பூநகரிப் பஸ்ஸை நம்பாமல் நேற்றே புறப்பட்டாராம். ஜமால்தீன் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே என் பழைய கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. இன்று காலைதான் வவுனியாவிலிருந்து சட்டம் போட்டு வந்ததாம்.

“எங்கடை சந்தியின்ரை பேர் பேப்பரிலை வந்தது இதுதான் முதல்தரம். இப்ப பஸ்ஸுக்கை இருக்கிற சனமும் இறங்கி, அப்பிடி என்ன தேத்தண்ணியெண்டு குடிச்சுப் பாக்குது. எழுதின மனிசன்ரை வாயிலை பொய் வராது. நீங்களே குடிச்சுப் பாருங்கோ.”

தவராசா ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். “உண்மை பேசுற மனிசன்தான். எங்களுக்குச் சம்மதம்” என்றார்.

ஆகையால் மேலே உள்ளதில் ஒரு வரியும் வெளிவரக்கூடாது. இடம் மிஞ்சினால் பழைய கடிதத்தையே மறுபடி போடவும். ஜமால்தீனும் கேட்கச் சொன்னார். கலியாணம் முடியும்வரை அது கோப்பை கழுவிய நீரேதான்.