ஒரு நிமிட நிறுத்தமும் ஒரு பொன்னாடையும்

எந்தக் காரியத்தையும் சும்மா செய்யத் தெரியாதவன் நான். ஒரு விழா எடுத்தால்தான் அது நடந்த மாதிரியே எனக்கு இருக்கும். எங்கள் தெருவுக்குக் குப்பைத்தொட்டி வந்தபோதுகூட ரிப்பன் கட்டி வெட்டினோம். (வெட்டின ரிப்பன்தான் அதில் விழுந்த முதல் குப்பை.) இந்த வியாதி முற்றிப்போய் ஒரு ரயிலையே கோட்டைவிடப் பார்த்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி போகிற வழியில், உடைமரமும் வெள்ளாடும் மட்டும் இருந்த பொட்டலில் மனை போட்டு விற்றார்கள். வாங்கினவர்களில் நானும் ஒருவன். "ஸ்டேஷன் நடக்குற தூரம் சார்" என்றார் விற்றவர். பொய் சொல்லவில்லை. ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். அதில் ரயில்தான் நிற்காது.

பிறகு கம்பம் நட்டு, கம்பி இழுத்து, அந்தப் பாதையை மின்சாரப் பாதையாக்கினார்கள். கூடங்குளத்துக் கரண்ட் எங்கள் தலைக்கு மேலே ஓடுகிறது என்று ஊரே பெருமைப்பட்டது. (கூடங்குளத்துக் கரண்ட்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் வேலாயுதம் அண்ணாச்சி அப்படித்தான் சொல்வார். மாவு மில் நடத்துபவர். மில் சத்தத்திலேயே பேசிப் பழகியவரை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.) மேலே கரண்ட் ஓடியது, கீழே வெளியூர் ரயில்கள் ஓடின. நாங்கள் கைகாட்டிக்கொண்டு நின்றோம்.

என் மனைவி செண்பகத்துக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. அவள் ஜங்ஷன் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காலையிலேயே அவளுக்காக வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இவளோ இரண்டு பஸ் மாறி, மூச்சு வாங்கப் போய்ச் சேருவாள். இனிமேல் தாமதமாக வந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"ஒண்ணு வேலைய விடணும், இல்ல இந்த வீட்ட விடணும். எத விடணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் ஒருநாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கே அண்ணாச்சியைத் தேடி ஓடினேன்.

நானும் அண்ணாச்சியும் ரயில்வே அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தோம். சிரிக்கிற வழக்கம் இல்லாத மனிதர்.

"புது வண்டி கேக்காதீங்க, புதுப் பெட்டி கேக்காதீங்க. அதுக்கெல்லாம் பணம் கிடையாது. திருநெல்வேலியோட நின்னுடற மின்சார வண்டியை நாங்குநேரி வரைக்கும் நீட்டிப் பாக்கப் போறோம். கம்பிதான் ஏற்கெனவே இருக்கே. உங்க ஊர்ல ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்கும் செலவு இருக்கு. ஆள் ஏறினா நிறுத்தம் இருக்கும். ஏறலைன்னா வண்டி நிக்காமப் போயிடும். முதல் நாள் நானே வண்டியில உக்காந்து வந்து பாப்பேன்" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. ஏற வேண்டும். அவ்வளவுதான். ஆடு மாடுகூட ஏறிவிடும்.

சங்கக் கூட்டம் மாவு மில்லில் நடந்தது. நகரத்துக்கு வேலைக்குப் போகிற எல்லாரும் அன்று அந்த வண்டியில்தான் போவது என்று முடிவாயிற்று. அதோடு எழுந்து வந்திருக்கலாம். அண்ணாச்சி, சங்கச் செயலாளரான என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"ஏம் வே செயலாளரு, மொதமொதல்ல நம்ம ஊர்ல நிக்க வார வண்டி. வெறுங்கைய வீசிக்கிட்டுப் போயி ஏறுனா நல்லாவா இருக்கு?"

என் கண்ணில் அப்போதே விளக்கு எரிந்திருக்க வேண்டும். மேளம், மாலை, ஆரத்தி, அதிகாரிக்குப் பொன்னாடை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். வீட்டில் வந்து சொன்னதும் செண்பகம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் அந்த வண்டியில வேலைக்குப் போணும். என்னைய எதுலயும் இழுத்து விடாதீங்க."

"சத்தியமா இல்ல" என்றேன்.

அன்று காலை அந்தச் சின்ன பிளாட்பாரம் கோயில் கொடை விழா மாதிரி இருந்தது. எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை, எல்லார் பையிலும் டிக்கெட். தவிலும் நாதஸ்வரமும் ஒரு பக்கம் வெளுத்து வாங்கின. செண்பகம் கூட்டத்தில் சேராமல், பெட்டி வந்து நிற்கும் இடத்தைக் கணக்குப் பண்ணித் தனியாக நின்றாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உதைத்துக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நேரம்? கல்யாண வீட்டில் ஒரு நிமிடம் என்றால் அரைமணி நேரம். ரயில்வேயிலும் அப்படித்தான் இருக்குமா?

தூரத்தில் வண்டி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, ஆரத்தி எடுக்க வேண்டிய அண்ணாச்சி வீட்டம்மா, "ஐயோ, சூடத்த மில்லுலயே வச்சிட்டேன்" என்று தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். ஆண்பிள்ளை ஆரத்தி எடுக்கலாமா? சுற்றும் முற்றும் பார்த்தேன். நாலடி தள்ளிச் செண்பகம்.

"ஒரு நிமிஷம் பிடி" என்று தட்டை அவள் கையில் வைத்துவிட்டேன். அவள் மறுத்துச் சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

வண்டி நின்றது. குலவை கிளம்பியது; பெண்கள் செண்பகத்தைத் தட்டோடு நடுவில் வளைத்துக்கொண்டார்கள். ஒரு கும்பல் ஓட்டுநரின் ஜன்னலை மறித்துக்கொண்டு சந்தனத்தை நீட்டியது. ஆளுயர ரோஜா மாலை வண்டியின் நெற்றிக்கு எட்டவில்லை. அண்ணாச்சி கொஞ்சமும் யோசிக்காமல், முருங்கைக்காய் பறிக்கிற துறட்டிக் கம்பில் மாலையை மாட்டி மேலே தூக்கினார். மேலே மின்சாரக் கம்பி. பக்கத்தில் போனாலே ஆளை இழுத்துவிடும் என்று அந்த அதிகாரி தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஓட்டுநர் முகம் வெளுத்துப்போய், இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்கிறார். துறட்டியின் நுனி மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

"அண்ணாச்சி! கம்பு! கம்ப எறக்கும்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இருவரும் மாலையோடு கீழே விழுந்தோம். "ஏலே, என்னலே செய்யுதே!" என்று அவர் அலறினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்போதே ஒன்று மட்டும் ஞாபகத்துக்கு வந்தது பாருங்கள்: பொன்னாடை.

முதல் பெட்டியில் அதிகாரி ஜன்னலோரம் இருந்தார். ஓடிப்போய் ஏறினேன். பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தினேன். கும்பிட்டேன். வெளியே கைதட்டல் காதைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தால், பிளாட்பாரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பழைய டீசல் வண்டி என்றால் கிளம்பும்போது உலுக்கும், உறுமும், நாம் சுதாரித்துக்கொள்ளலாம். மின்சார வண்டி சத்தம் காட்டாமல் நழுவிவிட்டது. ஹாரன் அடித்திருக்கிறார்கள். தவில்காரர் உச்சத்தில் இருந்ததால் ஒருவர் காதிலும் விழவில்லை. எங்கள் ஊர் மொத்தமும், தோளில் பையும் பையில் டிக்கெட்டுமாக, சந்தோஷமாக எனக்கு டாட்டா காட்டிக்கொண்டு நின்றது. ஒருவர்கூட ஏறவில்லை. கடைசியாக என் கண்ணில் பட்டது செண்பகம். தட்டோடு நின்றாள். அவள் மட்டும் டாட்டா காட்டவில்லை.

அதிகாரி பொன்னாடையைக் கழற்றி மடித்தார்.

"நீங்க இந்த ஊர்ல ஏறினீங்களா?"

"ஆமா சார்."

"வேற யாரு ஏறினாங்க?"

பெட்டியை ஒருதரம் பார்த்தேன். நாங்குநேரியில் ஏறிய ஒருவர் வாழை இலைக் கட்டின்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

"நான் மட்டும்தான் சார்."

"டிக்கெட்?"

டிக்கெட் செண்பகத்தின் கைப்பையில் இருந்தது. நீட்டிய மின்சார ரயிலில் எங்கள் ஊரிலிருந்து முதன்முதல் பயணம் செய்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட முதல் ஆளும் நானே. அபராதம் வாங்கிய பரிசோதகர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். அந்த இரக்கம் இன்னும் கேவலமாக இருந்தது.

போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"ஏறிட்டீங்களா?" என்றாள் செண்பகம்.

"ஏறிட்டேன்."

"நான் ஏறல."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மேலப்பாளையம் தாண்டித் தாமிரபரணிப் பாலத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமே இல்லாமல் அந்த மனிதர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தட்டு வச்சிருந்தாங்களே, அவங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார். நிசமாவே இந்த வண்டி வேணும்னு நின்னது அவதான். தட்டை நான்தான் கையில குடுத்தேன்."

"நாளைக்கும் வண்டியை நிறுத்தச் சொல்றேன். உங்களுக்காக இல்ல, அந்த அம்மாவுக்காக. நாளைக்கும் ஆள் ஏறலைன்னா அதோட சரி" என்றவர், இறங்கும்போது பொன்னாடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் செண்பகம் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"பஸ்ஸப் புடிச்சுப் போயிச் சேருததுக்குள்ள, சாப்பிடாம காத்துக் கிடந்த பெரியவரு ஒருத்தரு தலை சுத்தி விழுந்துட்டாரு. குளுக்கோஸ் குடுத்து எந்திரிச்சிட்டாரு. ஆனா அவரு விழும்போது நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை மேளம் இல்லை, மாலை இல்லை. பேசவே கூடாது என்று அண்ணாச்சி உத்தரவு போட்டிருந்தார் (அந்த உத்தரவே ரெண்டு தெருவுக்குக் கேட்டது). செயலாளர் பிளாட்பாரத்துப் பக்கம் வரக்கூடாது என்பது தனித் தீர்மானம். மொட்டை மாடியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வண்டி வந்தது. செண்பகம் முதல் ஆளாக ஏறினாள். பின்னாலேயே ஊர் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல் ஏறியது. பிளாட்பாரத்தில் ஒரு ஆள் மிச்சமில்லை. அன்றும் வண்டியில் வந்திருந்த அதிகாரி பயந்துபோய், "ஊர்ல யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டாராம். செண்பகம், "செயலாளரு மட்டும்தான் சார், வீட்டுல வச்சிருக்கோம்" என்றாளாம். சிரிக்கிற வழக்கம் இல்லாத மனிதர் ஜங்ஷன் வரும்வரை சிரித்திருக்கிறார்.

வண்டி இப்போதும் நிற்கிறது. வீட்டையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், செருப்பைப் போடும்போதே மகள் கேட்டுவிடுவாள்: "அப்பா, நீங்க ஏறப் போறீங்களா, வழியனுப்பப் போறீங்களா?"

போன வாரம் செண்பகம் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி வந்து நின்றிருந்தது. பையோடு என்னைக் கண்டதும் பெட்டியில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் முகத்தில் ஒரு கலவரம். செண்பகம் ஜன்னல் வழியாகப் பையை வாங்கிக்கொண்டு, உள்ளே திரும்பி உரக்கச் சொன்னாள்:

"ஒருத்தரும் பயப்படாதீங்க. அவிய கையில வெறும் புளிசாதம்தான்."