ஆரம்பநிலையாளர் கெட்டுப்போன கதை

திட்டத் திலகம் என்றொரு ஜீவராசி உண்டு; திட்டம் மட்டும் போடும், முடிக்காது. அதில் ஒன்று எடுத்த காரியத்தை முடித்தேவிட்டது என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வதந்தி கிளம்பியது. மூன்றாம் மாடிக்காரரான அந்தத் திலகத்தின் வீட்டிலிருந்து இசை கேட்கிறதாம். நம்புகிற செய்தியா இது? விசாரித்துவிடுவோம்.

திலகத்தின் திட்டம் எளியது. சங்கீத வாசனையே இல்லாதவர்களும் வாசிக்கக்கூடிய மின்னணு வாத்தியம். அதன் வரைபடம், மென்பொருள் எல்லாம் உலகத்துக்கே பொதுச்சொத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ள இன்னும் ஒன்றும் இல்லை என்பதுதான் குறை. மற்றபடி பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்தாயிற்று, சின்னம் வரைந்தாயிற்று, உதவியவர்களுக்கு நன்றியுரையும் எழுதியாயிற்று. ஞாயிறுதோறும் காதை மூடிய ஹெட்போனுடன் இணையவழிக் கூட்டம். பொத்தான் வட்டமா, சதுரமா என்று நண்பர்கள் அடித்துக்கொள்வார்கள். "அடுத்த வாரம் ஃபைனல் பண்ணிடலாம்" என்று கலைவார்கள்.

வாத்தியத்தைச் சோதிக்க ஓர் ஆரம்பநிலையாளர் வேண்டுமே? ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி அகப்பட்டாள். "நீ மட்டும் எதையும் கத்துக்காதம்மா. ஒண்ணும் தெரியாம அப்படியே இரு" என்று கேட்டுக்கொண்டார். மனைவி எதையும் கற்றுவிடக் கூடாது என்று நினைத்த கணவர்கள் முன்பும் உண்டு. அதற்கு ஆராய்ச்சி என்று பெயரிட்டவர் இவர்தான்.

அவளுக்கு இருந்ததோ ஒரே ஆசை. வார்டில் தலைமை நர்ஸ் எப்போதும் முணுமுணுக்கும் பழைய பாட்டை, அவருடைய பணிநிறைவு விழாவில் வாசித்துக் காட்ட வேண்டும். வாத்தியம் அதற்குள் தயாராகிவிடும் என்று கணவர் சத்தியம் செய்திருந்தார். விழா நெருங்கியது, பொத்தான் இன்னும் வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே தவித்தது. அவள் வார்டுத் தோழியிடம் ஒரு பழைய கீபோர்டை இரவல் வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்தாள். அவர் கூட்டத்தில் ஒலித்தரம் பற்றி முழங்கும்போதெல்லாம் இவள் பக்கத்து அறையில் வாசித்துப் பழகினாள். குடியிருப்பே கேட்டது, அவரைத் தவிர.

வீட்டில் கேட்கும் இசைக்காக லிஃப்ட்டில் யாரோ கைகுலுக்கி வாழ்த்தியபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. வீட்டுக்குள் நுழைந்தவர் கோபப்படவில்லை. இழவு விழுந்த வீட்டுக்காரர்போல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எதுவரைக்கும் வந்திருக்கே?"

"பல்லவி ரெண்டு கையாலயும் வருது."

"போச்சு. இருந்த ஒரே ஆரம்பநிலையாளரும் கெட்டுப்போச்சு."

"நான் எவ்வளவு காலத்துக்குங்க ஆரம்பத்துலயே இருக்கறது?"

அவர் எழுந்துபோய், இரவல் கீபோர்டின் அடாப்டரை ஆராய்ச்சிக்காகப் பிரித்துப் போட்டார். பிரிப்பது அவர் துறை. சேர்ப்பது அடுத்த கட்டம். விழா நாள் காலையில் அதைப் பார்த்த அவள், சுவர்க்கடிகாரம், டிவி ரிமோட், அவருடைய மவுஸ் என ஒவ்வொன்றாகத் திறந்து பேட்டரிகளை உருவிக் கீபோர்டில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

விழாவில் அவள் வாசிக்கையில் சரணத்தில் ஓரிடம் தடுக்கியது. தலைமை நர்ஸ் முணுமுணுத்தே அதைக் கடத்திவிட்டார். பிறகு வார்டே சேர்ந்துகொண்டது.

ஆக, வதந்தியில் இசை உண்மை, வாத்தியம் பொய். திலகத்தின் குழு இப்போது புதிய ஆரம்பநிலையாளரைத் தேடுகிறது. சிரிக்கிறீர்களா? உங்கள் கணினியில், அழகான பெயர் மட்டும் வைத்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புறை ஒன்றுகூடக் கிடையாதா? நிதானமாகத் தேடிவிட்டுச் சிரியுங்கள்.

தோழி மட்டும் அவ்வப்போது அடாப்டரைக் கேட்கிறாள். "ஞாயித்துக்கிழமை சேர்த்துத் தந்துடறாராம்" என்கிறாள் இவள். எந்த ஞாயிறு என்று தோழி கேட்பதில்லை.