ஐம்பத்தைந்தே நாளில் தக்காளி

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். தக்காளிச் செடிகளும் சுகம். சுகமில்லாதது என் மானம் ஒன்றுதான். அங்கே உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய ஒட்டுரக விதைப் பாக்கெட்டில் 'ஐம்பத்தைந்தே நாளில் பழுக்கும்' என்று போட்டிருந்தது அல்லவா? முப்பத்திரண்டு வருடம் மனுவோடு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று அலையவிட்டவன் நான். ஒரு செடி எனக்குத் தேதி கொடுக்கிறதே என்று நெகிழ்ந்துபோய், விதை போட்ட அன்றே நாள்காட்டியில் ஐம்பத்தைந்தாம் நாளை வட்டமிட்டு, பழைய அலுவலக நண்பர்கள் ஆறு பேரை அன்றைக்குத் தோட்டம் பார்க்க அழைத்துவிட்டேன். ஐம்பதாம் நாள் செடி முழங்கால் உயரம். மொத்தம் நாலு பூ. விதைக்கடைக்காரரிடம் ஓடினேன். "சார், நாத்தைப் பிடுங்கி நட்ட நாள்லேர்ந்து எண்ணணும். பாக்கெட் பின்னாடி போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார். கண்ணாடி போட்டுப் படித்தேன். போட்டிருந்தது.

"உண்மையைச் சொல்லிட்டா என்னங்க, தலையையா எடுத்துடுவாங்க?" என்றாள் உன் அண்ணி. கேட்டேனா? கடையில் ஒன்றரைக் கிலோ தக்காளி வாங்கி, அவள் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்து, செடிக்கு ஐந்தாறாகக் கட்டித் தொங்கவிட்டேன். பாரம் தாங்காமல் நான்கு செடிகளும் வணக்கம் சொல்வதுபோல வளைந்து நின்றன. நண்பர்கள் வந்தார்கள், வாயைப் பிளந்தார்கள். தணிக்கைப் பிரிவில் இருந்தவர் மட்டும் குனிந்து ஒன்றைப் பறித்தார். பழம் வந்தது, நூலும் வந்தது, நூலோடு செடியும் வேரோடு வந்தது. "ஏம்ப்பா, இந்த ரகம் முடிச்சுப் போட்டுத்தான் காய்க்குமா?" என்றார். இருபது வருடம் ஒரே அறையில் இருந்தும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று புரையேறும்வரை சிரித்தார். நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குள் போனவன், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை.

மிச்சமிருக்கும் மூன்றையும் நாளைக் காலையில் பிடுங்கிவிடுவேன். இனி மண்ணைத் தொடமாட்டேன். உன் தோட்டத்தை 'வெட்டி வேலை' என்று நான் கிண்டல் செய்ததை மன்னித்துவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவரிடம் இதைச் சொல்லித் தொலைக்காதே. நோய்நொடியில்லாமல், கூர்மையான கண்ணுள்ள நண்பர்கள் இல்லாமல், நீங்கள் நீடூழி வாழ வாழ்த்தும்,

அண்ணன்.

பின்குறிப்பு: இதை எழுதி நான்கு வாரம் ஆகிறது. செடியைப் பிடுங்கக் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டதால் பிடுங்கவும் இல்லை, இதைத் தபாலில் போடவும் இல்லை. இன்று காலை உன் அண்ணி ஒரு பழத்தோடு வந்தாள். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. பாதி பாதியாக நறுக்கினோம். "புளிக்குதுங்க" என்றவள், பேசிக்கொண்டே என் பாதியையும் தின்றுவிட்டாள். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உடனே இன்னும் இரண்டு பாக்கெட் அனுப்பு.